நடுவில் இருந்தவர்

கணினி நிரல்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் வாயைக் கொடுக்காது. எங்கோ இருக்கிற ஒரு சர்வரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், முதலில் “உன் சான்றிதழைக் காட்டு” என்று கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பார்க்கும். போட்டவர் தனக்கு நம்பிக்கையானவராக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. இல்லாவிட்டால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்து, சிவப்பு எழுத்தில் ஒரு புகாரை எழுதி வைத்துவிட்டு நின்றுவிடும்.

நிரலுக்கு இருக்கிற இந்தப் புத்தி அதை எழுதுகிறவர்களுக்கு இருப்பதில்லை, அதுதான் வேடிக்கை. அவள் நிரல் எழுதி வேலை பார்த்த அலுவலகத்தில் அந்தச் சிவப்பு எழுத்து தினமும் யாராவது ஒருவர் திரையில் வரும். காரணம் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வெளியே போகிற தகவலும் வெளியிலிருந்து உள்ளே வருகிற தகவலும் ஒரு பாதுகாப்புப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். பெட்டி எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும். வைரஸ் இருக்கிறதா, கம்பெனி ரகசியம் ஏதாவது நழுவுகிறதா என்று சோதித்துவிட்டு, மறுபடி ஒட்டி அனுப்பும். ஒட்டும்போது அசல் சர்வரின் சான்றிதழை எடுத்துவிட்டுத் தன் சொந்தச் சான்றிதழை வைத்துவிடும். பிரவுசர்களிடம் “இந்தப் பெட்டி நம்ம ஆள்தான்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். இவர்கள் எழுதுகிற நிரல்களிடம் யாரும் சொல்லவில்லை. அவை முரண்டு பிடித்தன.

நிரலுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அரை நாள் யாரிடம் இருக்கிறது? குழுத் தலைவருக்கு ‘அவசரம்’ என்றே பெயர், அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும். “சான்றிதழைச் சரிபார்க்காதேன்னு ஒரு வரி போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. எல்லாத்துக்கும் நின்னு யோசிச்சா எப்படி?” என்பார். அவர் பேச்சைக் கேட்டு அந்த ஒரு வரி ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று பரவியிருந்தது. பூட்டு மக்கர் பண்ணுகிறது என்பதற்காகக் கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்தி வைக்கிற வீடு உண்டா? இங்கே அப்படித்தான் குடித்தனம் நடந்தது.

அவள் அங்கே சேர்ந்து இரண்டு வருஷமாகிவிட்டது. இன்னமும் எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றுதான் சொன்னார்கள். அவளுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள் கூட ஒரே மாதத்தில் எல்லோரோடும் தோளில் கைபோட்டுப் பழகிவிட்டார்கள். அவளுக்கு அந்த வித்தை வரவில்லை. யாராவது வலிய வந்து பேசினால் பதில் சொல்வாள். யாரும் வலிய வரவில்லை. தூணுக்குப் பின்னால் அவள் இருக்கை. மதியம் எல்லோரும் கூட்டமாகக் கேன்டீனுக்கு இறங்கிப் போன பிறகு, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். சாப்பிட்டபடியே அக்காவுக்கு எழுதுவாள்.

அக்கா வெகுதூரத்தில், வேறு ஊரில். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வாய் ஓயாமல் பேசியே பழகிய மனுஷி. தெருவில் யார் வீட்டில் என்ன என்பது அக்கா வழியாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்படியா வர வேண்டும் என்று தங்கை அழுத அழுகை கொஞ்சமில்லை. மருந்தின் வேகத்தில் அக்காவின் விரல்களும் மரத்துப் போயிருந்தன. போனில் இருக்கிற பொடிப்பொடி எழுத்துகளை அழுத்தினால் ஒன்றுக்கு நாலாக விழுந்தது. அதனால் தங்கை உட்கார்ந்து, அக்காவுக்கென்றே ஒரு நிரல் எழுதினாள். திரை முழுக்கப் பெரிய எழுத்துகள். பேச ஒரே ஒரு ஆள். வேறு எந்தச் சங்கதியும் கிடையாது.

அந்த நிரலை அவள் அலுவலகத்தில்தான், மதிய இடைவேளைகளில் எழுதி முடித்தாள். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அதே சிவப்பு எழுத்து வந்தது. தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்த எழுத்து. கை தன் பாட்டுக்குப் பக்கத்துக் கோப்பிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்து இங்கே ஒட்டியது. “சரிபார்க்காதே.” சிவப்பு மறைந்தது. அக்காவின் முதல் சேதி வந்து விழுந்தது. “குட்டி, இருக்கியா?”

சந்தோஷத்தில் அந்த வரியை அவள் மறந்தே போனாள்.

அதன்பிறகு எழுத்தாகவே இருந்தாலும் அக்கா பழைய அக்காவாகிவிட்டாள். “இப்பல்லாம் சண்டையில உன் மாமாதான்டி ஜெயிக்கிறார். நான் எழுதி முடிக்கறதுக்குள்ள அவர் தூங்கிடறார்,” என்று எழுதினாள். “பக்கத்து வீட்டுக்காரி நான் பேசாம இருக்கறதைப் பார்த்து எனக்குப் பக்குவம் வந்துடுச்சுன்னு நினைச்சுட்டா. நாசமாப் போக.” தங்கை தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பதிலுக்குத் தன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். ஏசி காற்று நேராகப் பிடரியில் விழுகிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தலைவலி. கேன்டீனுக்குப் போனால் எந்த மேஜையில் போய் உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நிற்க வேண்டியிருக்குமே என்று கூச்சம். வேறு யாரிடம் சொல்வாள்?

அப்போதுதான் ‘பெட்டிக்காரர்’ அவள் பக்கம் வர ஆரம்பித்தார்.

அந்தப் பாதுகாப்புப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஒரு மாடி கீழே கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் கம்பளிச் சட்டை, மெஷின்கள் இருக்கிற அறை அப்படிக் குளிரும். ஒருநாள் காலையில் அவள் வந்து பார்த்தால், தலைக்கு மேலே ஏசி வாயில் ஒரு அட்டையைச் சாய்வாக ஒட்டிக் காற்றைத் திருப்பி விட்டிருந்தது. யார் என்று விசாரித்தாள். ஒயர் பார்க்க ஏணி போட்ட பெட்டிக்காரர் அப்படியே இதையும் செய்துவிட்டுப் போனார் என்றார்கள். இன்னொரு நாள் தலைவலியில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, எலுமிச்சை டீயும் ஒரு மாத்திரையும் மேஜைக்கு வந்தன. “முகத்தைப் பார்த்தாலே தெரியுதுங்க,” என்றார். பிறகு ஒருநாள் லிஃப்டில், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, “கேன்டீன்ல கொஞ்சம் முன்னாடியே போயிட்டீங்கன்னா ஜன்னல் ஓரம் காலியா இருக்கும். நானும் அப்பதான் போவேன்,” என்றார்.

அவள் போனாள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அவள் பேசினால் காது கொடுத்துக் கேட்டார், சரியான இடத்தில் தலையாட்டினார், அவள் சொல்ல வருவதற்குள் சில சமயம் புரிந்துகொண்டார். இத்தனை நாள் இந்த மனிதரைக் கவனிக்காமல் இருந்தோமே என்று அவளுக்கு ஆச்சரியம். அன்றைக்கே அக்காவுக்கு எழுதினாள். “இங்க ஒருத்தர் இருக்கார்க்கா. நான் வாயைத் திறக்கவே வேண்டாம், பார்த்தே தெரிஞ்சுக்கறார்.”

அக்கா விடுவாளா? “கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா? முதல்ல அதைக் கேளு,” என்று எழுதினாள்.

“சும்மா இருக்கா.”

“நான் சும்மாதான்டி இருக்கேன். குரலே இல்லை.”

மறுநாள் ஜன்னல் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக, கேட்காமலேயே அவர் சொன்னார். “நான் தனியாளுங்க. வீட்ல நானும் ஒரு டிவியும்தான். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாச்சு.” அவள் கையிலிருந்த ஸ்பூன் நின்றது. இது என்ன பொருத்தம் என்று நினைத்தாள். அன்று பூராவும் வேலையே ஓடவில்லை, ஆனால் மனசுக்குள் என்னவோ இதமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அக்காவின் கழுத்தில் மறுபடி சின்னதாக ஒரு வீக்கம். ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் அடுத்த திங்களன்று வருமாம். அக்காவின் கேலியெல்லாம் சுருதி இறங்கிவிட்டது. “மாமாகிட்ட பயப்படாத மாதிரி நடிக்கறேன். உன்கிட்ட முடியலை,” என்று எழுதினாள். தங்கை பதிலுக்கு என்னென்னவோ தைரியம் எழுதிவிட்டு, பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. பெட்டிக்காரரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவோம், சாப்பாட்டு நேரத்தில் அது வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டாள். என்றாலும் அந்த வாரம் முழுக்க அவர் அவளிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார். “தூங்குனீங்களா?” என்று கேட்டார்.

அதே வாரம் அவசரம் ஒரு புது வேலையோடு வந்தார். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வருகிறார்களாம். ‘சரிபார்க்காதே’ வரி ஒன்று கூட எங்கேயும் இருக்கக் கூடாதாம். ஊரில் இருக்கிற அத்தனை பேர் போட்ட வரிகளையும் பொறுக்கி எடுக்கிற வேலையை யார் தலையில் கட்டுவது? எதிர்த்துப் பேசாத தலை ஒன்றுதான் அங்கே இருந்தது. “நீங்கதான் பொறுமைசாலி,” என்று அவசரம் அவளைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அவளுக்கு இந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. கண்ணாடி அறைக்குப் போய், பெட்டியின் மூலச் சான்றிதழைப் பெட்டிக்காரரிடம் கேட்டாள். அதை அலுவலக நிரல்களின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவை பெட்டியைப் பார்த்து முரண்டு பிடிக்காது. வேறு எவனாவது நடுவில் நுழைந்தால் மட்டும் பிடிக்கும். அவர் உடனே அனுப்பி வைத்தார்.

“அந்த வரியை எல்லாத்துலேர்ந்தும் எடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

“எல்லாத்துலேர்ந்தும்தான்.”

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எடுக்கணும். அதுதான் சரி,” என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலக நிரல்கள் எல்லாம் முடிந்தன. டப்பாவைத் திறந்தவளுக்கு அப்போதுதான் தன் சொந்த நிரல் ஞாபகம் வந்தது. அடுத்தவர்கள் செய்த தப்பையெல்லாம் தேடித் தேடித் திருத்திவிட்டுத் தன்னுடையதை விட்டுவைப்பதா? அந்த வரியை அழித்தாள். இது அலுவலகக் காரியமில்லை என்பதால் பெட்டியின் சான்றிதழை இதில் சேர்க்கவில்லை. அக்காவின் சேதிகள் வந்து போகிற சர்வருக்கு முறையான, ஊரறிந்த சான்றிதழ் இருக்கிறது. அதுவே போதும். ஓட்டினாள்.

சிவப்பு எழுத்து. சர்வர் காட்டும் சான்றிதழை நம்ப முடியவில்லை என்றது. கையெழுத்துப் போட்டவர் பெயரைப் பார்த்தாள். தன் கம்பெனியின் பெயர்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. எல்லாம் பெட்டி வழியாகத்தான் போகிறது என்பது தெரியாத சங்கதியா? கேட்கிறவர்களுக்கெல்லாம் அவளே விளக்கிச் சொல்கிறவள். சேரும்போது அதற்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டவள். ஆனால் அக்காவும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறாள் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. நிரலை அது பாட்டுக்கு விட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும், நடுவில் யாரோ இருக்கிறார்கள் என்று. அதன் வாயை அடைத்தது அவளேதான்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அட்டை. டீ. ஜன்னல் ஓரம். “நான் தனியாளுங்க.” “தூங்குனீங்களா?” அவற்றில் ஒன்றைக்கூட அவர் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டாள். பசி போய்விட்டது. நடுத்தெருவில் துணியில்லாமல் நின்றதுபோல் கூசியது. ‘பார்த்தே தெரிஞ்சுக்கறார்’ என்று தான் எழுதியதை அவர் உட்கார்ந்து படித்திருப்பாரே என்பதை நினைத்தபோது, மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

கீழே இறங்கிப் போய் அவரைப் பார்த்தாள். அறை பூட்டியிருந்தது, வேறு கிளைக்குப் போயிருக்கிறார், திங்களன்றுதான் வருவார் என்றார்கள். சனியும் ஞாயிறும் அவள் வீட்டிலிருந்து அக்காவுக்கு எழுதினாள். அங்கே பெட்டி இல்லை, நிரல் மறுபேச்சு பேசாமல் ஓடியது. பெட்டிக்காரர் சமாசாரத்தை அக்காவிடம் சொல்லவில்லை. ஸ்கேன் பயத்தில் இருக்கிறவளிடம் இதை வேறு ஏற்றுவானேன்? திங்கள் கிழமை என்ன கேட்க வேண்டும், எப்படி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திங்கள் காலை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது சேதி வந்தது.

“குட்டி, ரிப்போர்ட் போன்லயே அனுப்பிட்டாங்க. திரும்ப வந்திருக்காம். மாமாகிட்ட இன்னும் சொல்லலை. பேப்பர் படிச்சுட்டு இருக்கார், படிச்சு முடிக்கட்டும்.”

ஒரு செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “நான் வர்றேன்க்கா,” என்று எழுதினாள். “அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கறப்ப வா. இப்ப வந்து என் மூஞ்சியப் பார்த்து அழாதே,” என்று பதில் வந்தது. லீவு சொல்ல வேண்டுமானாலும் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். போனாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லோரும் ஏதோ பாட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேசினார்கள். அவசரம் அவளைப் பார்த்ததும், “எல்லா வரியும் எடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டார். எடுத்தாச்சு என்றாள். லீவு கேட்டாள். “சரி, சரி, மெயில் போடுங்க,” என்று ஓடினார். எதற்கு லீவு என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

நேரே கண்ணாடி அறைக்குப் போனாள். அவர் இருந்தார். அவள் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

“நான் எங்க அக்காவுக்கு எழுதுறதைப் படிச்சீங்களா?”

அவர் மறுக்கவில்லை. “உக்காருங்க,” என்றார்.

“நிக்கறேன். சொல்லுங்க.”

“தெரியாத நிரல் ஒண்ணு தினமும் மத்தியானம் வெளியில பேசுதுன்னு பெட்டி மணி அடிச்சுதுங்க. என்னன்னு பார்க்க வேண்டியது என் வேலை. பார்த்தேன். அக்காவும் தங்கச்சியும் பேசிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அதோட மூடியிருக்கணும்.”

“மூடலை.”

“மூடலைங்க.” அவர் கம்பளிச் சட்டையின் நுனியை இழுத்து இழுத்து விட்டார். “மாமா சண்டையில ஜெயிக்கிறார்னு எழுதியிருந்தாங்களே, அதைப் படிச்சுட்டு இங்க தனியா உக்காந்து சிரிச்சேன். சத்தம் போட்டு. எப்ப கடைசியாச் சிரிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. நாளைக்கு என்ன எழுதுவாங்கன்னு பார்க்கலாம்னு தோணுச்சு. அப்புறம் அதை விட முடியலை.”

“நான் உங்களைப் பத்தி எழுதினதையும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

“கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!” என்றாள். “யாராவது கேக்க மாட்டாங்களான்னுதானே இத்தனை நாள் உக்காந்திருந்தேன். எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டீங்க? எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? திருடிப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

“கேக்கத் தெரியலைங்க,” என்றார் அவர். “புகார் குடுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“குடுப்பேன்.”

திரும்பினாள். கதவில் கை வைக்கப் போனவளைப் பின்னாலிருந்து அவர் குரல் நிறுத்தியது.

“வெள்ளிக்கிழமையோட உங்க சேதியெல்லாம் எனக்கு வர்றது நின்னு போச்சு. கேக்கறதுக்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. தெரியும். இருந்தாலும்… இன்னைக்குத்தானே ரிப்போர்ட்? அக்காவுக்கு என்னன்னு வந்துச்சுங்க?”

அவள் அப்படியே நின்றாள். காலையிலிருந்து எத்தனையோ பேரைக் கடந்து வந்திருக்கிறாள். ஒருவரும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமுமில்லை. தனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதும், அவள் எப்படிக் கேலி பேசுவாள் என்பதும், அவளுக்கு எதில் பயம் என்பதும் இந்த ஊரிலேயே தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அதுவும் இந்த மனுஷனுக்கு முன்னால். அவ்வளவையும் எடுத்துக்கொண்டவருக்கு இதையும் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? திரும்பாமலே சொன்னாள்.

“ஒண்ணும் இல்லையாம். நல்லாயிருக்காங்க.”

“அப்பாடா!”

அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிவிட்டாள். அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. “ரெண்டு நாளாச் சாப்பாடே இறங்கலைங்க,” என்றார். “அவங்க பயந்துட்டு எழுதினது மனசுலயே நின்னுச்சு. போதும். இது போதும். நீங்க என்ன புகார் வேணா குடுங்க.”

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிடத்திலேயே தன் அக்கா பிழைக்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான் என்பது அவளுக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. உள்ளே போய், பொய் சொல்லிவிட்டேன், திரும்ப வந்துவிட்டதாம் என்று சொல்லி ஒரு மூச்சு அழுதால் நெஞ்சு ஆறும். கை கதவுப் பிடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் பிடியை விட்டுவிட்டு, படியேறித் தன் இடத்துக்குப் போனாள்.